கொட்டாயில் வைத்த மதர்போர்டு

அன்றைக்குப் பகல் சாப்பாட்டு நேரத்தில் பட்டுப்புழுக் கொட்டாயின் முன்னால் செல்வி அண்ணி இருந்தார். மல்பெரி இலை வெட்டிப் போட வந்திருந்த முனியம்மாக்கா இருந்தார். புகையைப் பார்த்துவிட்டு வரப்பில் ஓடிவந்த நான் இருந்தேன். அண்ணியின் மகள் கயல் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அண்ணியின் வீட்டுக்காரர் இல்லை. அவர் தர்மபுரியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் அந்தக் கடைசி வரிதான் முதலில் வருகிறது. எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் அவர் எங்கேயோ ஓரிடத்தில் நின்று, யாரிடமோ, எதைப் பற்றியோ யோசனை கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். பெயர் வேண்டாம். பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊர். அவர் எனக்கு அண்ணன் முறை.

கேட்பதற்கென்று அவருக்கு ஒரு முறை இருந்தது. ஓடுகிற வண்டியிலிருந்து கேட்க மாட்டார். நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஸ்டாண்டு போட்டு, இறங்கி வந்துதான் கேட்பார். தலையைக் கொஞ்சம் சாய்த்து வலது காதை நம் பக்கம் கொடுப்பார். நடுவில் பேச மாட்டார். “ம்… சரிங்க… ம்…” அவ்வளவுதான். சொல்லி முடித்த பிறகு, “வேற எதாச்சும் வுட்டுப்போச்சுங்களா?” என்று ஒரு தடவை கேட்பார். அந்தக் கேள்விக்காகவே இன்னும் இரண்டு விஷயம் யோசித்துச் சொல்லத் தோன்றும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். அரசுக் கல்லூரியில், விடுதியில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்தேன். என் அப்பா அதுவரை எதையும் என்னிடம் கேட்டதில்லை. அவர் பார்வையில் நான் ஆட்டை ஓட்டத் தெரியாதவன். ஆனால் இந்த அண்ணன் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, “தம்பி, நீ படிச்ச புள்ள. சொல்லு,” என்பார். அந்த வயதில் அதற்காக நான் அவருக்கு என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

அவர் கேட்டதில் பாதியைத்தான் செய்வார் என்பது ஊருக்குத் தெரிய நாளானது. வண்டிச் சங்கிலி சத்தம் போட்டது. மூன்று மெக்கானிக்குகளைக் கேட்டார். மூன்று பேரும் சங்கிலியையும் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்றச் சொன்னார்கள். ஒருவர் மட்டும், அதுவரைக்கும் கிரீஸ் போட்டு ஓட்டுங்கள் என்று கூடச் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து நாள் தவறாமல் கிரீஸ். வேட்டியெல்லாம் கிரீஸ். சங்கிலி பென்னாகரம் ரோட்டில் அறுந்து விழுகிற வரைக்கும் கிரீஸ். வயிற்று வலிக்கு டாக்டர், டீயை நிறுத்துங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஒரு ஸ்கேன் எடுங்கள், சர்க்கரையும் குறைத்தால் நல்லது என்றார். அவர் டீயில் சர்க்கரையை நிறுத்தினார். முகத்தைச் சுளித்துக்கொண்டு சர்க்கரையில்லாத டீயை ஒரு நாளைக்கு ஆறேழு தடவை குடித்தார்.

“இவருக்கு ஊரே மந்திரி,” என்பார் செல்வி அண்ணி. “ராஜாதான் சரியில்ல.”

அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. எடுத்துக்கொண்ட பாதியை அவர் செய்வதைப் பார்த்தால் அப்படி ஒரு பக்தி. புழு வளர்ப்பு சொல்லிக்கொடுக்க வந்த அதிகாரி, கொட்டாய் முழுவதும் மருந்தடித்து ஒரு வாரம் காயப்போடுங்கள், நோய் வந்த தட்டுகளை மாற்றுங்கள், வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர்த் தட்டு வைத்துக் காலை நனைத்துக்கொண்டு உள்ளே போங்கள் என்றார். தட்டுகளை மாற்றவில்லை, மருந்தும் ஒப்புக்குத்தான். ஆனால் வாசல் தண்ணீரில் காலை நனைக்காமல் ஊர்த்தலைவர் வந்தாலும் உள்ளே விட மாட்டார்.

எடுத்துக்கொள்கிற பாதி எப்போதும் காசு செலவில்லாத பாதி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, எனக்கு இது பழக்கமான விஷயம். டாக்டர் நாலு மாத்திரை எழுதிக்கொடுத்தால் என் அப்பா மருந்துக் கடையில் சீட்டை நீட்டிக் கேட்பது, “இதுல முக்கியமானது எதுங்க? அதை மட்டும் குடுங்க.” இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் காது அப்படித்தான் பழகிவிடுகிறது. எல்லாமே கேட்கும், ஆனால் கட்டுப்படியாகிறது மட்டும்தான் உள்ளே போகும். என் அப்பாவுக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம், என் அப்பா கேட்பதே ஒருவரைத்தான்.

புழு அண்ணியுடையது. அதை அவரே ஒப்புக்கொள்வார். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ஓசூரில் வேலைக்கு இருந்தார்கள். அண்ணி ஒரு தையல் கம்பெனியில். கயல் பிறந்து, பால் மறந்ததும் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். மாதத்துக்கு ஒரு தடவை வருகிற அண்ணியைப் பார்த்துக் குழந்தை, “அந்த அக்கா வந்துடுச்சு,” என்று சொன்னதாம். அன்றைக்கே அண்ணி ஓசூரை விட்டார். துண்டு நிலத்தில் மல்பெரி நட்டு, வீட்டை ஒட்டிக் கொட்டாய் போட்டு, பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. நான் சொல்லவருகிற வருடத்தில் அடுத்தடுத்து இரண்டு பேட்ச் நோய் விழுந்து போயிற்று. மூன்றாவது பேட்ச் இளம்புழு வந்து இறங்கிய அன்று நானும் இருந்தேன்.

“இதுவும் போச்சுன்னா மறுபடியும் ஓசூருதான்,” என்றார் அண்ணி, தட்டில் புழுவைப் பரப்பிக்கொண்டே. “கயலை ஆஸ்டல்ல வுடணும். உங்களுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும் செல்வி.”

“தெரியும்னு சொல்றீங்க. கேட்டுக்கிட்டீங்களா?”

“கேட்டுக்கிட்டேன்.”

தன் பங்குக்கு அவர் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை பார்த்தார். பாப்பாரப்பட்டியில் ஒரு ஸ்டுடியோ படத்தைக் கொடுக்கும். இவர் பாட்டுச் சேர்த்து, பூ விழுகிற மாதிரி எல்லாம் போட்டுத் தயார் செய்வார். கைவேலை சுத்தம். ஆனால் வெட்டி ஒட்டியதையெல்லாம் ஒரே படமாக்கித் தருவதற்குப் பழைய கம்ப்யூட்டர் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்ளும். முகூர்த்தம் நெருக்கமாக வரும் மாதங்களில் ஸ்டுடியோக்காரர் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். யாரோ இவரிடம் ஓவர்கிளாக் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி குறித்த வேகத்துக்கு மேலே ப்ராசஸரை ஓட்டுவது. அப்படி ஓட்டலாம் என்கிற ஒரு ப்ராசஸரையும் வாங்கிவிட்டார். வாங்கிவிட்டுத்தான் என்னிடம் வந்து ஸ்டாண்டு போட்டார்.

“தம்பி, இதுக்கு எந்த மதர்போர்டு போடலாம்?”

எனக்குப் பாடத்தில் படித்ததுதான் தெரியும், கையால் மாட்டிப் பார்த்தது கிடையாது. அதனால் தர்மபுரியில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டித் தருகிற ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே கல்லாவில் ஒரு பெண் இருந்தாள், என் வயதுதான் இருக்கும். அவர் கேட்ட விதத்தில் அவளும் மயங்கிவிட்டாள். வேலையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“அண்ணா, வேகம் கூட்டணும்னு வர்றவங்க எல்லாருமே ப்ராசஸரைத்தான் பாக்கறாங்க. மொதல்ல பாக்க வேண்டியது போர்டு. சில போர்டு வேகத்தைக் கூட்டவே வுடாது. சிலது வுடும், ஆனா தாங்காது. கூட்ட வுடாத போர்டால ஒண்ணும் நட்டமில்லீங்க. வுட்டுட்டுத் தாங்காம போறது இருக்கு பாருங்க, அதுதான் ஆளைக் கவுத்துடும்.”

“எப்புடிங்கம்மா பாத்துக் கண்டுபுடிக்கறது?”

அவள் இரண்டு போர்டுகளை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். ப்ராசஸர் உட்காரும் சதுரத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டைகள். “ப்ராசஸருக்குப் போற கரண்டை இதுங்கதான் அளந்து குடுக்குது. வேகத்தைக் கூட்டினா இதுங்க கொதிக்கும். இந்த போர்டுல மேல அலுமினியம் வச்சு மூடியிருக்கான் பாருங்க, சூட்டை இழுத்துக்கும். இதுல மொட்டையா வுட்டிருக்கான். மொட்டை போர்டு உங்களுக்கு வேண்டவே வேண்டாம். கரண்டு குடுக்கற எஸ்எம்பிஎஸ்ஸும் நல்லதாப் போடுங்க, எதாச்சும் ஆச்சுன்னா தானா கட் ஆவணும். ப்ராசஸர் மேல பெரிய ஃபேன் வேணும். வேகத்தைக் கொஞ்சங் கொஞ்சமா ஏத்துங்க, ஒவ்வொரு வாட்டியும் சூடு எவ்வளவுன்னு பாருங்க. இதெல்லாம் முடியாதுன்னா உள்ள வேகத்துலயே ஓட்டுங்கண்ணா, தப்பில்ல.”

“வேற எதாச்சும் வுட்டுப்போச்சுங்களா?”

அவள் யோசித்தாள். “வைக்கிற ரூம் கொஞ்சம் குளிர்ச்சியா இருந்தா நல்லது.”

அவர் முகம் தெளிந்தது. “குளிர்ச்சியான எடம் நம்மகிட்ட இருக்குதுங்கம்மா!”

எனக்கு அப்போது புரியவில்லை. அந்தக் கடையில் அவர் எதுவும் வாங்கவில்லை. பெங்களூரில் பழைய சாமான் விற்கிற தெருவிலிருந்து யாரோ வாங்கிவந்த போர்டைத்தான் வாங்கினார். வேகம் கூட்ட விடுகிற போர்டு, அதில் தவறில்லை. ஆனால் மொட்டை. எஸ்எம்பிஎஸ்ஸும் பழையதே.

எங்கள் ஊரில் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள்ளும் உட்கார முடியாது. ஆனால் புழு இருக்கிற வீட்டில் ஓரிடம் மட்டும் குளிர்ச்சியாக இருக்கும். புழுவுக்குச் சூடு ஆகாது. கொட்டாய்க் கூரைமேல் தென்னங்கீற்று போட்டு, ஜன்னல்களில் சாக்கைக் கட்டி, சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். மனிதர்கள் வியர்வையில் நனைந்து கிடக்கும்போது புழு மட்டும் சுகமாக இருக்கும். அந்தக் கொட்டாயின் மூலையில், ஈரச் சாக்குக்குப் பக்கத்தில், ஒரு மேசை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்தார்.

அண்ணி வாசலில் நின்று சத்தம் போட்டதை நான் கேட்டேன். “புழு இருக்கற எடத்துல ஊதுவத்திகூட ஏத்த மாட்டோம். இந்தப் பொட்டிய எதுக்குங்க இங்க கொண்டாந்து வக்கிறீங்க?”

“இது பொகை வுடாது செல்வி. காத்துதான் வுடும். எலைக்கு ஒரு கெடுதலும் பண்ணாது, புழுவுக்கும் பண்ணாது. இந்த முகூர்த்தம் முடியட்டும், வூட்டுக்குள்ளயே தூக்கிட்டுப் போயிடறேன்.”

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கொட்டாயில் தொங்கிய வெப்பமானியைப் பெருமையாகத் தொட்டுக் காட்டினார். “ஏசி ரூமு தம்பி. காசு குடுத்தாலும் வெளியில கெடைக்காது.” சூடு வெளியே போகட்டும் என்று பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார். புழு தோலுரிக்கும் சமயத்தில் தட்டு காய்வதற்காகச் சுண்ணாம்புத் தூள் தூவுவார்கள். அந்தத் தூள் கொட்டாயில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். திறந்து கிடந்த போர்டின்மேல் வெள்ளையாகப் படியும், ஈரக் காற்றில் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அவர் தினமும் காலையில் பெயிண்ட் பிரஷ்ஷால் அதைத் தட்டித் துடைத்தார். கிரீஸ் போட்ட அதே பக்தி.

ஒன்றைச் சொல்ல வேண்டும். வேகமாக ஓடியது. ஒரு நாள் வேலை அரை நாளுக்குள் முடிந்தது. ஸ்டுடியோக்காரர் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். புழுவும் நன்றாக வளர்ந்தது. அந்தக் கொஞ்ச நாட்கள் அந்த வீட்டில் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். கயல் புது ஜடைக் குஞ்சம் மாட்டி மூன்று தெருவுக்கும் காட்டிவிட்டு வந்தாள்.

கடைசிப் பருவத்தில் புழு இரவும் பகலும் தின்னும். இலையைத் தின்கிற சத்தம் தூரத்தில் தூறல் போடுகிற மாதிரி கொட்டாய்க்கு வெளியேயும் கேட்கும். இன்னும் நாலைந்து நாளில் கூடு கட்ட ஏற வேண்டிய புழு. அன்று காலை அவர் ஒரு கல்யாணப் படத்தை ஓட விட்டுவிட்டுத் தர்மபுரிக்குப் போனார். மொட்டையாக இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சின்ன அலுமினியத் துண்டுகள் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, அதைப் பற்றிக் கேட்டு வரப் போனார்.

பகலில் கொட்டாய்க்குள் ஏதோ வெடித்தது. அண்ணி உள்ளே ஓடினார். நான் போய்ச் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தீ நின்று எரிந்தது. பெரிய தீ இல்லை, அடுப்பளவுதான். ஆனால் பழைய எஸ்எம்பிஎஸ் கரண்டை நிறுத்தவே இல்லை. போர்டு எரிந்து, வயர் எரிந்து, பக்கத்தில் கட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக் தாள் உருகி, கறுப்புப் புகை. நான் மெயின் ஃப்யூஸைப் பிடுங்கினேன். அண்ணி ஈரச் சாக்கைப் போட்டுப் பெட்டியை அப்படியே வெளியே இழுத்தார். முனியம்மாக்கா ஜன்னல் சாக்குகளை அரிவாளால் அறுத்தார். குளிர்ச்சிக்காகக் கட்டிய சாக்குகள் புகையை வெளியே விடவில்லை.

தீ அணைந்துவிட்டது. ஒரு தட்டுகூட எரியவில்லை. முனியம்மாக்கா, “மாரியாத்தா காப்பாத்திட்டா,” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணி கும்பிடவில்லை. கையைக் காட்டி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். நாங்கள் நின்று கேட்டோம். தூறல் சத்தம் இல்லை.

உள்ளே போய்ப் பார்த்தோம். புழுக்கள் தலையைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தன. வாயிலிருந்து பச்சையாகத் தண்ணீர் ஒழுகியது. எல்லாத் தட்டிலும் அப்படியே. புது இலையைக் கிள்ளி ஒரு புழுவின் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார் அண்ணி. அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் வந்து வண்டியை நிறுத்தினார். சட்டைப் பையில் அலுமினியத் துண்டுகள் ஒரு காகிதப் பொட்டலத்தில் இருந்தன. கடைசியில் காசு கொடுத்து வாங்கியே விட்டிருந்தார். பெட்டியைப் பார்த்தார். கொட்டாயைப் பார்த்தார். யாரும் கேட்காமலேயே சொன்னார்.

“அந்தக் கடைப் பொண்ணுகிட்ட போட்டோ காட்டுனேன் செல்வி. போர்டு மேல வெள்ளையா இருக்கறதப் பாத்துட்டுப் பதறிப்போச்சு. இப்பவே வூட்டுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க, அந்த எடத்துல இருந்து தூக்கச் சொல்லுங்கன்னு சொல்லுச்சு.”

அண்ணியின் செல்போன் இடுப்பில்தான் இருந்தது.

“நீங்க போன் பண்ணலியே.”

“பாதிப் படம் ஓடியிருக்கும். நிறுத்துனா மொதல்ல இருந்து ஓட்டணும். சரி, நாமளே போயி நிறுத்திக்கலாம்னு…”

அவர் நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் சொன்னது எங்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. அதை நினைக்கும்போதெல்லாம் அவரை வெறுக்க முடியாமல் போகிறது. அண்ணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

அண்ணன் பட்டு வளர்ப்பு அதிகாரியைப் போனில் பிடித்துக் கேட்டார். இனிமேல் கூடு கட்டாது, குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள் என்று அவர் சொன்னார். ஏரியூர்ப் பக்கம் நெடுநாளாகப் புழு வளர்க்கிற ஒருவரைக் கேட்டார். அவரும் அதையே சொன்னார். மூன்றாவதாகக் கேட்ட ஒருவர், “புதைக்கறதுதான் நல்லது. வேணும்னா ஒரு நாள் காத்தோட்டமா வச்சுப் பாரு,” என்றார். காற்றோட்டமாக வைத்தார். வேப்பமர நிழலில் தட்டுகளைப் பரப்பி, எறும்பு ஏறாமல், காகம் கொத்தாமல், சோறு தண்ணி இல்லாமல் காவல் உட்கார்ந்தார். ஒன்றிரண்டு புழுக்கள் நூல் விடவும் செய்தன. உள்ளே கிடக்கிற புழு தெரிகிற மாதிரி, சிலந்திக் கூடு போல மெல்லிசாக. அதில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “தம்பி, இது கட்டுது பாரு,” என்றார். மறுநாள் அண்ணி குழி வெட்டினார். முனியம்மாக்கா சுண்ணாம்பு கொட்டினார்.

இப்போது நான் கிருஷ்ணகிரியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருக்கிறேன். பையன்கள் வந்து ஓவர்கிளாக் செய்ய எந்த மதர்போர்டு வாங்கலாம் என்று கேட்கிறார்கள். அந்தப் பெண் சொன்னதையேதான் சொல்கிறேன். வேகம் கூட்ட விடுகிறதா என்று பார், தாங்குமா என்று பார், மொட்டை போர்டு வேண்டாம், எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்காதே. சொல்லிக்கொண்டே அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். எந்த இடத்தில் முகம் தெளிகிறது என்று பார்க்கிறேன். செலவில்லாத இடத்தில் தெளிந்தால், உள்ள வேகத்திலேயே ஓட்டிக்கோ, எந்த போர்டும் வாங்காதே என்று அனுப்பிவிடுகிறேன். எங்கள் முதலாளிக்கு இது பிடிப்பதில்லை.

ஆனி மாதம் அவர்கள் ஓசூருக்குப் போனார்கள். அண்ணிக்குப் பழைய கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. அவருக்கு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை. கயலை தர்மபுரியில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். சேர்ப்பதற்கு முந்தின நாள் என் வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, அணைத்து, ஸ்டாண்டு போட்டு இறங்கினார்.

“தம்பி, நீ ஆஸ்டல்ல இருந்தவன். புள்ளைக்கு என்ன என்ன பண்ணணும்? சொல்லு.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தனிப் பூட்டு வைத்த டிரங்குப் பெட்டி வேண்டும். முதல் மாதம் அழுவாள், அழுகிறாள் என்று திட்டக் கூடாது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும், மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆள் வந்து இவளுக்கு வராமல் இருந்தால் அதுதான் தாங்காது. முடியாத வாரத்தில் போனாவது பண்ண வேண்டும்.

தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். முகம் தெளிந்தது.

“போன் பண்றேன் தம்பி. தெனமும் பண்றேன்.”

தினமும் பண்ணினார், அதில் ஒரு நாள் தவறவில்லை என்று விடுதிக் காவலாளி பிறகு சொன்னார். ஆள் போனது தீபாவளிக்குத்தான்.

கொட்டாய்ச் சாவியை எங்கள் வீட்டில் கொடுக்க அண்ணி மட்டும் வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே வரவில்லை. அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தவர், என்னைப் பார்த்துச் சொன்னார்.

“புழு, எலை, கூலி, அந்தப் பொட்டி, ஓசூரு ரூமுக்கு அட்வான்ஸு, கயலு ஆஸ்டலு. எல்லாத்தயும் கூட்டிப் பாத்தேன் தம்பி. யோசனை கேட்டதுக்குத்தான் காசு ஆவல. மத்தது ஒரு லட்சத்தி பதினாலாயிரத்தி முந்நூறு.”